கம்பத்தில் கேபிள் தொங்குகிறது, வீட்டில் நெட் இல்லை: ஏன், என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி, 120 வீடுகள் உள்ள ஊர். ஊராட்சிக் கட்டடம் வரை ஃபைபர் வந்தாயிற்று, ஈ.பி. கம்பத்தில் கறுப்புக் கேபிள் தொங்குகிறது. ஆனால் ஒரு வீட்டிலும் இணைப்பு இல்லை. போனில் நான்கு கோடு சிக்னல் காட்டியும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ ஓடுவதில்லை. பக்கத்து மாவட்டத்து ஓசூரில் எல்லாம் இருக்கிறது. நாடு முழுக்க இணையம் வளர்ந்துவிட்டது என்கிறார்களே, அது ஏன் எங்கள் ஊர் வாசலில் நின்றுவிட்டது? ஊர்க்காரர்களால் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். ஆனால் எது எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அரசுக் கணக்கில் வளர்ச்சி என்பது எத்தனை கிலோமீட்டர் கேபிள் இழுத்தார்கள், எத்தனை ஊராட்சிகளைத் தொட்டார்கள் என்பது. அறுந்த கேபிளை எத்தனை மணி நேரத்தில் ஒட்டினார்கள் என்ற கணக்கை ஊர் மட்டத்தில் யாரும் வைப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களில் இணையம் தங்குமா தங்காதா என்பதை முடிவுசெய்வது அந்த இரண்டாவது கணக்குதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அது பெருநகரத்துச் சரக்கு. தொலைபேசி வழியாக டயல் செய்து, கிலோபிட் கணக்கில் வந்த இணைப்பு. கிராமத்துக்குச் செம்புக் கம்பி இழுத்தால் கட்டுபடியாகாது என்பதால் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பேச்சும், 35 முதல் 70 கிலோபிட் வரை இணையமும் கொடுக்கும். 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் இதை வைத்துக் கிராம இணைய மையங்கள் நடந்தன. கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மையம் நடத்தியவருக்கு மாத வருமானம் கட்டுபடியாகவில்லை, பழுது பார்க்க ஆள் வரத் தாமதமானது, பல மையங்கள் மூடிக்கொண்டன. இன்று உங்கள் ஊரில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். கருவி மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்து வந்தது தேசிய ஒளியிழை வலைப்பின்னல், ஊராட்சிகள் வரை ஃபைபர் கொண்டுபோகும் மத்திய அரசுத் திட்டம். 2011 அக்டோபரில் ஒப்புதல், 2012-இல் அதற்கென்று ஒரு நிறுவனம், பிறகு பாரத்நெட் என்று பெயர் மாற்றம். இலக்கு சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள். தமிழ்நாட்டில் இதை மாநில அரசே டான்ஃபிநெட் என்ற தன் நிறுவனம் வழியாகச் செய்கிறது: 12,525 ஊராட்சிகள். அதில் தருமபுரி மாவட்டத்தில் 251, கிருஷ்ணகிரியில் 333. பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் வழியாகத்தான் போகிறது. பாதாளத்தில் புதைக்க வேண்டுமானால் வழக்கமான ஆழம் 1.65 மீட்டர். பர்கூர், காவேரிப்பட்டணம், காரிமங்கலம் பக்கம் அவ்வளவு ஆழம் தோண்டினால் என்ன கிடைக்கும் என்று கிரானைட் குவாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாறை வந்த இடத்தில் ஆழத்தைக் குறைத்து, இரும்புக் குழாயோ கான்கிரீட்டோ போட்டு மூடவேண்டும். அதற்குச் செலவு அதிகம். அதனால்தான் கம்பம்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஃபைபருக்குப் பஞ்சமே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, கிருஷ்ணகிரியில் பிரிந்து சென்னைக்குப் போகும் 48-ஆம் எண் சாலை, ஓசூர் - தருமபுரி - ஓமலூர் ரயில் பாதை என்று எல்லா ஓரத்திலும் பல நிறுவனங்களின் கேபிள் ஓடுகிறது. பெரிய ஊர்களுக்கு நடுவே போகும் டேட்டா இந்த வழியாகத் தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போகிறது. எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல் ஓடும் ஸ்டேஷன் மாதிரிதான். அந்தக் கேபிளை நடுவில் வெட்டி உங்கள் ஊருக்கு ஒரு கிளை எடுக்க, சாலையோரத்தில் ஓர் அறை, மின்சாரம், பேட்டரி, டேட்டாவைப் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் எல்லாம் வேண்டும். அந்த முதலீடு ஓசூரில் திரும்பி வருகிறது; சிப்காட் இருக்கிறது, விஸ்வநாதபுரத்தில் எல்காட் ஐ.டி. வளாகம் இருக்கிறது, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாரண்டஅள்ளிக்கு உள்ளே அது திரும்பி வராது என்று தனியார் கணக்குப் போட்டுவிட்டார்கள். கணக்கு தப்பில்லை, அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால்.

போன் சிக்னல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவின் அகண்ட அலைவரிசை இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் கைப்பேசி வழிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை சரிந்தது. கிராமத்தில் இணையம் என்றாலே டவர் என்றாகிவிட்டது. நான்கு கோடு என்பது உங்கள் போனுக்கும் டவருக்கும் பேச்சு நடக்கிறது என்பதற்கு அடையாளம், அவ்வளவே. 850 அல்லது 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவர் தாண்டும். ஆனால் அதில் 5 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும் இருந்தால், ஒரு திசைக்கு நடைமுறையில் 15 முதல் 20 எம்.பி.பி.எஸ். தான் மொத்தம். அதை அந்தத் திசையில் இருக்கும் நாலைந்து ஊர்கள் பங்கு போடுகின்றன. எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் நின்றுபோகாமல் என்ன செய்யும்? விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தரம், ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தரம் வேகம் அளந்து பாருங்கள். காலையில் 15, ராத்திரி 1 என்று வந்தால் அது நெரிசல்; போனை மாற்றியோ சிம்மை மாற்றியோ பெரிதாகப் பயனில்லை. இரண்டு நேரமும் ஒரே மாதிரி மோசம் என்றால் சிக்னல் பிரச்சினை. மொட்டை மாடியில் ஒரு வெளி ஆன்டெனா வைத்தால் தேறலாம். இதற்கிடையில் உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டவர் நிறுவனங்கள் நிலக்காரரிடம் பணம் வாங்குவதில்லை. அவர்கள்தான் வாடகை தரவேண்டும்.

இனி ஃபைபர். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஊராட்சிக் கட்டடத்துக்கு வந்திருப்பது மொத்தக் குழாய். அங்கே கருவிகளை அடுக்கும் ஒரு ரேக், ஸ்விட்ச், யு.பி.எஸ்., பேட்டரி இருக்கும். அதிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோவது இன்னொருவர் வேலை: உள்ளூர் கேபிள் டி.வி. ஆபரேட்டர், அல்லது உரிமம் பெற்ற நிறுவனத்தின் பிரான்சைஸி. அந்த இன்னொருவர் உங்கள் ஊரில் இல்லை. எனவே முதல் வேலை, ஊராட்சிச் செயலரிடம் சொல்லி அந்த அறையைத் திறந்து பார்ப்பது. ரேக்கில் விளக்கு எரிகிறதா? பேட்டரி உப்பியிருக்கிறதா? கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில், பில் யார் கட்டுகிறார்கள்? இரண்டு மாவட்டங்களிலும் பூட்டிய அறைக்குள் பிளக் பிடுங்கிய நிலையில் ரேக் கிடப்பது அரிதான காட்சி இல்லை. அறையில் மோட்டார் ஸ்டார்ட்டரும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் அடுக்கியிருப்பார்கள். பிளீச்சிங் பவுடரை முதலில் வெளியே எடுங்கள். அதன் ஆவி சர்க்யூட் போர்டை அரித்துவிடும்.

அடுத்து, வீடுகளுக்கு ஒளியைப் பிரிக்கும் கணக்கு. வேலைக்கு வருகிறவர் இதைத் தெரிந்தவரா என்று சோதிக்கவாவது இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீடுகளுக்கு ஒளியை அனுப்பும் ஓ.எல்.டி. என்ற பெட்டியின் ஒரு போர்ட்டிலிருந்து ஒளி சுமார் +4 டி.பி.எம். (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) அளவில் கிளம்புகிறது. வீட்டு மோடத்துக்கு வந்து சேரும்போது −27-க்கும் கீழே போனால் இணைப்பு விழும். நடைமுறையில் −15-க்கும் −23-க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. −8-ஐவிடக் கூடுதலாக வந்தாலும் மோடம் திணறும். நடுவில் எங்கே எவ்வளவு போகிறது? ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.35 டி.பி. (இழப்பைச் சொல்லும் அலகு) என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல ஸ்பிளைசிங்கில், அதாவது இழையோடு இழையை ஒட்டுவதில், ஒன்றுக்கு 0.1-க்குள். கனெக்டர் ஒன்றுக்கு 0.4. ஸ்பிளிட்டரில்தான் பெரிய இழப்பு: ஒன்றை நான்காகப் பிரித்தால் 7.3, எட்டாகப் பிரித்தால் 10.5, பதினாறுக்கு 14, முப்பத்திரண்டுக்கு 17.

உங்கள் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். ஓ.எல்.டி. 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் 2.1. வழியில் ஐந்து ஒட்டு, 0.5. ஊர் எல்லையில் நான்காகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், 7.3. தெருவில் எட்டாகப் பிரிப்பது, 10.5. நான்கு கனெக்டர், 1.6. கூட்டினால் 22. +4-இல் கழித்தால் வீட்டில் −18. அருமையான அளவு. ஒரு போர்ட்டில் 32 வீடு. நான்கு போர்ட்டில் 120 வீடும் அடங்கிவிடும்.

இப்போது ஒரு வருடம் கழித்து என்ன ஆகும் என்று பாருங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் மூன்று இடத்தில் கேபிளை இழுத்துவிட்டது. அவசரத்தில் ஒட்டியதால் ஒவ்வொன்றிலும் 0.5 போகிறது. கனெக்டரில் தூசு, 2 டி.பி. கம்பத்தில் கேபிளை இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டிய இடத்தில் வளைவு, இன்னொரு 2. மொத்தம் 5.5. வீட்டில் −23.5. இன்னும் ஓடும். அப்புறம் பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு கனெக்‌ஷன் வேண்டும் என்று, கம்பத்திலிருந்து புதிதாக டிராப் கேபிள் இழுக்காமல் இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றை நடுவில் செருகுகிறார்கள். 3.6 போச்சு. −27.1. இனி காற்றடித்தால் ரெட் லைட், வெயிலடித்தால் ரெட் லைட். இரண்டு வீடும் நெட் சரியில்லை என்று கம்பெனியைத் திட்டும். கம்பெனி மோடத்தை மாற்றும். மோடத்தில் குறையே இல்லை.

நம் பக்கத்து ஊர்கள் பல சாலையோரமாக நீளமாக இருக்கும். பத்து கம்பத்துக்கு ஒரு கொத்து வீடு. அங்கே சமமாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரைவிடக் கேபிள்காரர்கள் கப்ளர் என்று சொல்லும் சாதனம் பொருத்தம். 10:90 கப்ளர் என்றால், 90 பங்கு போகும் பக்கம் 0.7 டி.பி. போல மட்டும் இழந்து அடுத்த கொத்துக்கு நகரும். 10 பங்கு பக்கம் 10.5 போல இழந்து இந்தக் கொத்துக்கு இறங்கும். தொடக்கத்தில் 5:95, நடுவில் 10:90, கடைசியில் 30:70, 50:50 என்று வரிசைப்படுத்த வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் முதல் கொத்து வீட்டில் ஒளி வழியும், கடைசி வீடு இருட்டில் இருக்கும். எந்தக் கம்பத்தில் எந்தக் கப்ளர், எந்த நிறக் கோர் (கேபிளுக்குள் ஓடும் தனி இழை) என்று ஒரு நோட்டில் படம் வரைந்து வைக்கச் சொல்லுங்கள். இதை மட்டும் விடாமல் கேளுங்கள். போட்டவர் வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போய்விட்டால், அந்த நோட்டு இல்லாத நெட்வொர்க்கை யாராலும் பழுது பார்க்க முடியாது. பிரித்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும்.

கனெக்டரில் பச்சை, நீலம் என்று இரண்டு வகை. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று செருகினால் உள்ளே போகும், இணைப்பும் வரலாம், ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து பல டி.பி. வீணாகும். கேபிள் டி.வி.யும் அதே ஃபைபரில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் வந்தால் படத்தில் புள்ளி தட்டும். பச்சைக்குப் பச்சை. முனையைச் சட்டையில் துடைக்கக் கூடாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சு உதிராத துணியும் போதும்.

கேபிள் எதனால் அறுகிறது என்ற பட்டியல் ஊருக்கு ஊர் மாறும். அரூர், பாலக்கோடு சர்க்கரை ஆலை வட்டாரங்களில் கரும்பு லோடும், அறுவடைக்குப் பிறகு தோகைக்கு வைக்கும் தீயும். தீ கேபிளை அறுக்காது. மேல் உறையை உருக்கிவிடும், அடுத்த மழையில் தண்ணீர் இறங்கி மெல்ல மெல்ல ஒளி குறையும். குவாரி வட்டாரத்தில் டிப்பர். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை, கம்பத்தோடு சாயும். ஒகேனக்கல், பென்னாகரம் பக்கம் குரங்கு ஊஞ்சலாடும். அணில் எல்லா ஊரிலும் உண்டு, அது ஏன் அந்தக் கறுப்பு உறையை விரும்புகிறது என்று அதற்குத்தான் வெளிச்சம். புதைத்த கேபிளுக்கு எமன் ஜே.சி.பி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய், வீட்டுக் குடிநீர் இணைப்பு, சாலை அகலப்படுத்தல் என்று ஏதாவது ஒன்றுக்குத் தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். தோண்டும் முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல 2023-இல் மத்திய அரசு ஒரு செயலியைத் தொடங்கியது. ஜே.சி.பி. ஓட்டுநர் அதைத் திறந்து பார்த்துவிட்டா வாளியை இறக்கப்போகிறார்? ஊராட்சித் தலைவரிடம் வேலை உத்தரவு வரும் அன்றே கேபிள் போன பாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவதுதான் நடக்கிற காரியம்.

இதில் தடுக்கக்கூடியவை: சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் கேபிளின் மிகத் தாழ்ந்த புள்ளி 6 மீட்டருக்குக் கீழே வரக்கூடாது. மின்கம்பிக்குக் கீழேதான் கட்டவேண்டும், மின்வாரிய அனுமதியோடு. அனுமதி இல்லாமல் கட்டிய கேபிளை லைன்மேன் வெட்டிப் போட்டால் கேட்க நாதி இருக்காது. ஒவ்வொரு ஜாயின்ட் பாக்ஸிலும் இரண்டு பக்கமும் 10 மீட்டர் சுருள் விடவேண்டும். கேபிள் மிச்சம் பிடிக்கிறேன் என்று சுருள் விடாமல் இழுத்துக் கட்டினால், அறுந்த அன்று ஒரு ஒட்டுக்குப் பதில் புதுத் துண்டு போட்டு இரண்டு ஒட்டு. சாதாரண ஃபைபரை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வீட்டுக்கு இறங்கும் டிராப் கேபிளுக்கு ஜி.657 வகையைக் கேட்டு வாங்கினால் 1 சென்டிமீட்டர் ஆரம் வரை தாங்கும், ஜன்னல் மூலையில் திரும்பினாலும் பயமில்லை.

கரண்ட். இதைச் சொல்லாமல் ஃபைபர் பேசுவது வீண். வீட்டில் மோடத்துக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கி வைத்திருப்பார்கள், கரண்ட் போனதும் நெட்டும் போகும். ஏனென்றால் ஓ.எல்.டி. இருக்கும் இடத்தில் பேட்டரி செத்துவிட்டது. ஒரு சிறிய 8 போர்ட் ஓ.எல்.டி.யும் ஸ்விட்சும் சேர்ந்து சுமார் 100 வாட் இழுக்கும். 12 வோல்ட் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்பு, பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருப்பது எல்லாம் போக 8 மணி நேரம் கிடைக்கும். புது பேட்டரிக்கு. மூன்றாவது வருடத்தில் அது 4 மணி நேரம் ஆகிவிடும். பேட்டரி மாற்ற மாதாமாதம் தனியே ஒதுக்காத ஆபரேட்டர் மூன்றாவது கோடையில் கடையை மூடுவார். வீட்டு மோடம் 8 வாட் போல; 8,800 எம்.ஏ.எச். என்று எழுதியிருக்கும் மினி யு.பி.எஸ். அந்த எண்ணை 3.7 வோல்ட்டில் சொல்கிறது, அதாவது 32 வாட்-மணி. மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், விற்பவர் என்ன சொன்னாலும்.

சித்திரை, வைகாசி இடி மழையில் மோடம் எரிவதும் இதோடு சேர்ந்ததுதான். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் மலிவான டிராப் கேபிளில் தாங்குவதற்கென்று ஓர் எஃகுக் கம்பி ஓடும். அதை வீட்டுக்கு வெளியே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும். அப்படியே உள்ளே மோடம் வரை கொண்டுவந்தால் மின்னலை அழைத்து வந்த மாதிரி. எஃகுக்குப் பதில், மின்சாரம் பாயாத எஃப்.ஆர்.பி. நார் வைத்த கேபிள் கேளுங்கள். மீதி ஆபத்து பிளக் வழியாக வருவது. இடி இடிக்கும்போது பிடுங்கி வைப்பதுதான் மருந்து.

ஊர் முழுவதற்கும் ஆபரேட்டர் பேண்ட்வித், அதாவது மொத்த வேகம், எவ்வளவு வாங்க வேண்டும்? 100 எம்.பி.பி.எஸ். பிளான் என்று 120 வீட்டுக்கு விற்றால் 12,000 வாங்க வேண்டியதில்லை. ராத்திரி உச்ச நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 2.5 என்று வைத்தால் 300 போதும். இதில் ஆபரேட்டர் கை வைப்பதுதான் வழக்கம்: 120 வீட்டுக்கு 100 வாங்கி ஓட்டுவார். அதைக் கண்டுபிடிப்பது எளிது. ராத்திரி ஒன்பது மணிக்கு யூடியூப் சீராக ஓடி, மற்ற எல்லாம் திணறினால், பிரபல வீடியோக்கள் பக்கத்திலேயே பிரதி எடுத்து வைத்திருக்கும் கேஷ் சர்வரிலிருந்து வருகின்றன, வெளியே போகும் குழாய் நிரம்பிவிட்டது என்று பொருள். வேகச் சோதனை செயலியை மட்டும் நம்பாதீர்கள். அதன் சர்வர் ஆபரேட்டரின் சொந்த அறையிலேயே இருக்கலாம். இன்னொன்று, சிறிய ஆபரேட்டர்கள் பல வீட்டுக்கு ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்து கொடுப்பார்கள். பிரவுசிங்குக்கு ஒன்றும் ஆகாது. தோட்டத்தில் சிசிடிவி வைத்து வெளியூரிலிருந்து போர்ட் திறந்து பார்க்கிறவர்களுக்கு வேலை செய்யாது. கிளவுட் வழி பார்க்கும் கேமரா வாங்குங்கள், அல்லது வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடைக்கும் ஐ.பி.வி.6 தருகிறாரா என்று கேளுங்கள்.

வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் மாதிரி மலை ஊர்க்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. காட்டு வழியே கம்பம் போட வனத்துறை அனுமதி, அறுந்தால் ஏறிப் போக ஒரு நாள். அங்கே 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்பு பொருத்தம். இந்த அலைவரிசைக்கு இந்தியாவில் 2018 முதல் உரிமம் வேண்டியதில்லை, சக்தி வரம்புக்குள் இருந்தால் போதும். அடிவாரத்திலும் மலைமேலும் டிஷ் வைத்து நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதுதான் தவறு. 10 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி 7 மீட்டராவது மரமோ பாறையோ இல்லாமல் வெற்றிடம் வேண்டும். கோடையில் வைத்த இணைப்பு ஐப்பசியில் மரம் தழைத்ததும் விழுவது இதனால்தான். மேலே 24 வாட் சுமைக்கு ஒரு நாளுக்கு 576 வாட்-மணி தேவை. 200 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 600 போலத் தரும். ஆகவே மழைக்காலத்தை மனதில் வைத்து இரண்டு பேனல், 150 ஏ.எச். பேட்டரி இரண்டு.

உங்கள் ஊருக்கு வருவோம். ஆபரேட்டரைத் தேடுவதற்கு முன், வீடு வீடாகப் போய் யார் மாதம் எவ்வளவு கட்டுவார்கள் என்று எழுதி வாங்குங்கள். 40 வீட்டுக்குக் குறைந்தால் எந்தக் கேபிள்காரரும் வரமாட்டார். 60 என்றால் பாலக்கோட்டிலிருந்தே வருவார். ரேஷன் கடை, தொடக்கப்பள்ளி, பால் சொசைட்டி, துணை சுகாதார நிலையம் நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். இவை மாதம் தவறாமல் கட்டும் வாடிக்கையாளர்கள். ராயக்கோட்டைத் தக்காளி மண்டி விலையை போனில் பார்க்கிறவர்களும், பட்டா மாறுதலுக்கு இ-சேவைக்கு அலைகிறவர்களும் எத்தனை பேர் என்று குறித்தால் கிராம சபையில் பேசவும் உதவும். கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி ரேக்கின் மின்கட்டணம், சாவிப் பொறுப்பு, அறையை வேறு எதற்கும் பயன்படுத்தாதது ஆகிய மூன்றையும் தீர்மானமாகப் போடுங்கள். ஊருக்கு நெட் வேண்டும் என்ற பொதுத் தீர்மானம் ஃபைலில் தூங்கும். சாவி யாரிடம் என்ற தீர்மானத்துக்கு உடனே ஒரு பெயர் தேவைப்படும்.

ஆபரேட்டரோடு பேசும்போது மாதக் கட்டணத்தில் பத்து இருபது குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். அதற்குப் பதில் கேபிள் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவார், தாண்டினால் அன்றைய நாளுக்குக் கழிவு உண்டா என்று எழுதி வாங்குங்கள். ஸ்பிளைசிங் மெஷின் அவருடையதா, வாடகையா? வாடகை என்றால், இரண்டு இடத்தில் ஒரே நாளில் அறுந்தால் உங்கள் ஊர் மறுநாள்தான். ஊரிலேயே இருக்க வேண்டிய பொருள்கள் அதிகமில்லை: 500 மீட்டர் டிராப் கேபிள், 200 மீட்டர் 12 கோர் கேபிள், இரண்டு ஜாயின்ட் பாக்ஸ், நான்கு ஸ்பிளிட்டர், இரண்டு மோடம், 25 பச்சை கனெக்டர், ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டர் ஒன்று, சிவப்பு லேசர் பேனா ஒன்று. ஐ.டி.ஐ. படித்த இரண்டு பேருக்குப் பவர் மீட்டர் பார்க்கவும், உராயாமல் ஃபைபர் சீவவும், லேசர் விட்டு அறுந்த இடம் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் போதும். ஒருவர் மட்டும் என்றால் அவர் ஊரில் இல்லாத நாளில்தான் கேபிள் அறுந்துபோகும். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது என்பதை முதல் பாடமாகச் சொல்லுங்கள். அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய துண்டுகளை ஒரு பாட்டிலில் போடவேண்டும். தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

ஒவ்வொரு வீட்டிலும் இணைப்பு கொடுத்த அன்று வந்த டி.பி.எம். அளவை மோடத்தின் அடியில் மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து நெட் மந்தம் என்று ஒருவர் சொன்னால் பவர் மீட்டரில் பார்த்து அந்த எண்ணோடு ஒப்பிடலாம். 1 டி.பி.க்குள் வித்தியாசம் என்றால் ஃபைபரில் குற்றமில்லை. வை-ஃபையையோ பேண்ட்வித்தையோ பாருங்கள். 3 டி.பி. குறைந்திருந்தால், அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அளந்து பாருங்கள். எல்லாவற்றிலும் குறைந்திருந்தால் குற்றம் தெருவுக்கு முன்னால், ஜாயின்ட் பாக்ஸிலோ கம்பத்திலோ. ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டு டிராப் அல்லது கனெக்டர். பெரும்பாலும் அலமாரியை நகர்த்தியபோது மடங்கியிருக்கும்.